மூன்றாம் பாகத்தில் நான் சாகவில்லை

ஒரு நாளிதழுக்கும் நான்கு தொலைக்காட்சிகளுக்கும் முதலாளியும், மாண்புமிகு மத்திய அமைச்சரும், அதற்கெல்லாம் முன்பே எனக்குத் தம்பியுமான உனக்கு,

நலம். அதுதான் இப்போது சிக்கல். சென்ற ஞாயிறு உன் தொலைக்காட்சியில் ஓடிய உன் வாழ்க்கை வரலாற்றின் மூன்றாம் பாகத்தில் என்னைக் கொன்றுவிட்டீர்கள். இருமினேன், அச்சு இயந்திரத்தின் மேல் சாய்ந்தேன், "நாட்டைப் பாத்துக்கோ தம்பி" என்றேன், செத்தேன்.

நான் அப்படிப் பேசுகிற ஆளா? அந்த இயந்திரத்தை வாங்கிய நாளில் நான் சொன்னது, "மையைக் கொட்டாதடா" என்பதுதான். கொட்டினாய். துடைத்தது நான். அழைப்பிதழ் அடித்த நம் கடையில் பத்திரிகை போடலாம் என்றாய்; "எவன்டா வாங்குவான்?" என்றேன். வாங்கினார்கள். தொலைக்காட்சி என்றாய்; "எவன்டா பாப்பான்?" என்றேன். பார்த்தார்கள். தேர்தலில் நின்றாய், "எவன்டா போடுவான்?" என்று தெரு முழுக்கக் கேட்டேன். நாலு லட்சம் பேர் போட்டார்கள். அன்றிலிருந்து நமக்குள் பேச்சில்லை, மூன்று தரமும் தோற்ற நான் எந்த முகத்தோடு பேசுவது? திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரர், "இனிமே உங்களுக்கு எதுக்கு சார் பிரஷர் மாத்திரை?" என்று சிரிக்கிறார். துக்கம் கேட்க வந்த மாடிவீட்டு அம்மாவுக்குக் கதவைத் திறந்ததே நான்தான், "வீட்ல வேற யாரும் இல்லீங்களா?" என்றார். உன் அண்ணியோ, "உங்களா நடிச்சவர் எவ்ளோ லட்சணம்!" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

ஆகவே நாலாம் பாகத்துக்கு முன் மறுப்பு வெளியிட வேண்டும். நீ எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பதவியோடும் பல்லோடும் நெடுநாள் இரு.

உயிருள்ள உன் அண்ணன்

பி.கு.: உன் அண்ணி இதைப் படித்துவிட்டு, "உண்மையையும் எழுதுங்க" என்று எதிரே உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் உன் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "அமைச்சரோட அண்ணன் வீடுங்களா?" என்றது. "அவனுக்கு அண்ணன் செத்துட்டான்னு எழுதிக்கம்மா" என்று சொன்னது நான்தான். பாவம், எழுதிக்கொண்டது. எனவே மறுப்பு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்தப் பெண்ணை யாரும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது. 'நாட்டைப் பாத்துக்கோ'வை வெட்டிவிட்டு, மை கொட்டியதை உன் ஆட்கள் சேர்க்க வேண்டும். நீ போன் செய்ய வேண்டும், செயலாளரை விட்டு அல்ல, நீயே. நான் எடுக்க வேண்டும். முதல் மணியில் எடுக்க மாட்டேன்; நீ வைத்துவிடக் கூடாது.