ஊதா அங்கியும் உச்சக் குரலும்

பெருமதிப்பிற்குரிய அக்கா கிளேலியா அவர்களுக்குத் தம்பி ஒரோன்ஸோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி நுன்ஸியா, மகன் கதால்தோ, என் முழங்கால் வலி ஆகிய நால்வரும் சௌக்கியம். டூரினில் நீயும் அர்மாந்தோ அத்தானும், விருந்தாளி அறையில் நீ உன் கையாலேயே தைத்து மாட்டியிருக்கும் அந்த ஊதாத் திரைச்சீலையும் நலமாக இருக்க நம்மூர்ப் புனிதர் அருள்புரியட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் லிஃப்ட் கம்பெனியில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதாகவும், கதால்தோ மாதக் கடைசிக்குள் வந்து அதில் உட்கார்ந்தால் போதும் என்றும், "ஆம்பளைப் பிள்ளை பொம்பளைக் குரல்ல பாடி எத்தனை நாளைக்குடா வயிறு நிரம்பும், முதல்ல ஒரு நல்ல தொண்டை டாக்டர்கிட்ட காட்டு" என்றும் எழுதியிருந்தாய். அக்கறையில் எழுதினாய், எனக்குக் கோபமில்லை. ஆனால் அக்கா, டாக்டரிடம் எப்போதோ காட்டியாயிற்று. அவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் பாடச் சொல்லுங்கள் என்றார். பையன் பாடினான். வெளியே காத்திருந்த நோயாளிகளெல்லாம் எழுந்து உள்ளே வந்துவிட்டார்கள். பேசும்போது அவன் குரல் என்னுடையதைவிடக் கட்டை. பாட வாயைத் திறந்தால்தான் மணிக்கூண்டு உச்சிக்குப் போய்விடுகிறது. அதற்குக் கவுண்டர் டெனர் என்று பெயர், வியாதி இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆபரா இசை நாடகங்களில் ராஜா, தளபதி, காதலன் எல்லோரும் அந்த உயரத்தில்தான் பாடுவார்கள். அடிக்குரல்காரனுக்குக் கிழவன் வேஷம்தான்.

ஆனாலும் அந்தத் தளபதி வேஷம் வருவதற்குள் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமா? ஒரு ஊரில் தேவதையாக்கி மேகத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள், கயிறு சிக்கிக்கொண்டு கடைசி அங்கம் முழுக்க அங்கேயே தொங்கினான். ஜெர்மனியில் தேவாலயக் கச்சேரிக்கு அழைத்தவர்கள் பெண் என்று நினைத்து ரயிலடிக்குப் பூங்கொத்தோடு வந்தார்கள், அவன் தாடியைப் பார்த்ததும் பூவைப் பக்கத்தில் நின்ற கிழவியிடம் கொடுத்துவிட்டார்கள். ஊரிலோ நாவிதர் சவேரியோ என் முகத்தில் சோப்பைப் பூசி வாயைத் திறக்க முடியாமல் செய்துவிட்டுத்தான் கேட்பார், "என்ன ஒரோன்ஸோ, உன் வீட்டுச் சேவல் முட்டை போடுதாமே?" கடை முழுக்கச் சிரிக்கும். நான் என்ன செய்ய, கத்தி அவர் கையில்.

இந்த வருஷம் புனிதர் திருவிழாவுக்கு நம்மூர் அரங்கில் பழைய ஆபரா ஒன்று போட்டார்கள். நம் பிள்ளைதான் தளபதி. வடக்கே ஒரு பெரிய அரங்கிலிருந்து, பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் அம்மாள் ஒருத்தி அவனைக் கேட்கவே வருகிறாள் என்று சொன்னார்கள். கதால்தோ அன்றைக்கு நுன்ஸியா செய்த மொச்சைக் கூழைக்கூடத் தொடவில்லை. "அப்பா, இந்தத் தடவை அந்தம்மாவும் தலையாட்டலைன்னா அத்தை சொன்ன நாற்காலியில போய் உட்கார்ந்துடறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நம்மூர் அரங்கின் மேல்மாடத்து ஆட்களை உனக்குத் தெரியாதா, வெளியூர்க்காரன் தப்பினாலும் தப்புவான், உள்ளூர்ப் பிள்ளையை விசிலடித்தே விரட்டிவிடுவார்கள். அதனால் திருவிழா ஊர்வலத்தில் புனிதர் சிலையைத் தோளில் சுமக்கும் எங்கள் சங்கத்து ஆட்களிடம் சொன்னேன். "நம்ம பையனை எவன் விசிலடிக்கிறான்னு பாத்துடுவோம்" என்று நாற்பது பேர் மேல்மாடத்தில் இடம் பிடித்தார்கள்.

அங்கேதான் அக்கா, சனி பிடித்தது. ஊர்வலம் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று நின்று நகர்ந்ததில் நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போக நேரமில்லாமல் சங்கத்து அங்கியோடு அப்படியே அரங்குக்குள் நுழைந்துவிட்டோம். அந்த அங்கி என்ன நிறம்? ஊதா! நாடகக்காரர்களுக்கு ஊதா எமன் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காலத்தில் தவக்காலம் வந்து பாதிரியார் ஊதா உடுத்தினால் அரங்கை மூடிவிடுவார்கள், பாடகர்கள் பட்டினி. அவர்களுக்கு ஊதா என்றால் பட்டினி, எங்களுக்கு ஊதா என்றால் பண்டிகை, ஒரு மண்டைக்காவது இது உறைக்க வேண்டாமா? கிழவன் வேஷக்காரர் பல்தஸ்ஸாரே, ஆள் பீப்பாய் மாதிரி இருப்பார், திரை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். மேல்மாடம் முழுக்க ஊதா. அவர் போட்ட அலறல் இருக்கிறதே, அவ்வளவு உயரத்துக்கு என் பிள்ளை இதுவரை போனதில்லை. வாத்தியக்காரர்கள் தோஷம் கழிய, கையில் கிடைத்த இரும்பையெல்லாம் தொட்டார்கள், இரும்பு கிடைக்காதவர்களின் கை எங்கெங்கோ போயிற்று.

மேலாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "ஐயா, உங்க காலில விழறேன், அதைக் கழட்டுங்கய்யா!" கழற்றினோம். ஆகஸ்ட் வெயிலில் புனிதரைச் சுமக்கிறவன் உள்ளே கோட்டா போட்டிருப்பான்? நாற்பது பேரும் பனியனோடு உட்கார்ந்தோம். கீழே பணக்காரர்களின் தனித் தடுப்பு இருக்கைகளில் இருந்த சீமாட்டிகள் தூரக்கண்ணாடியை எங்கள் பக்கம் திருப்பினார்கள், சிலர் உடனே இறக்கினார்கள், சிலர் இறக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த நுன்ஸியா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பல்தஸ்ஸாரேயோ அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கிழவன் இல்லாமல் முதல் காட்சியே கிடையாது. ஜனங்கள் தரையை உதைக்க ஆரம்பித்தார்கள். என்னால் வந்த வினை, நானே பனியனோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"ஐயா, நான் இரும்புக் கடை வச்சிருக்கேன். தொடறதுக்கு எவ்வளவு இரும்பு வேணும்னாலும் கொண்டுவரேன், வெளியே வாங்க."

"யாருய்யா நீ? அந்த ஊதாக் கூட்டத்துல ஒருத்தனா?"

"தளபதியோட அப்பாங்க."

"அப்போ பத்துக் குதிரை லாடம் கொண்டுவந்தாலும் வரமாட்டேன், போய்யா!"

வேறு வழியில்லாமல் மேலாளர் கதால்தோவைத் தனியாக, மூடிய திரைக்கு முன்னால், பியானோ மாதிரியான பழைய நரம்புப் பெட்டியை வாசிக்கும் ஒரே ஒருவரோடு நிறுத்திவிட்டார். பிள்ளை கவசமும் இறகுத் தொப்பியுமாக நின்றான். மேலே எவனோ விசிலடிக்க வாயில் விரலை வைத்தான், எங்கள் சங்கத்தார் அவன் விரலைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். நான் கதவடியில் நின்றபடியேதான் கேட்டேன். மகனைப் போருக்கு அனுப்பும் தாயிடம் தளபதி விடைபெறுகிற பாட்டு. மெல்ல எடுத்தான், நீட்டினான், நீட்டிக்கொண்டே போனான், தரையை உதைத்த கால்களெல்லாம் நின்றுவிட்டன. எனக்கு இந்த இசையெல்லாம் விளங்காது அக்கா, ஆணி எடைபோடுகிறவன் நான். ஆனால் அழுதேன். பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன், சொல்வதில் எனக்கென்ன வெட்கம். பாட்டு முடிந்ததும் கூரை இடிந்து விழுந்தது போலக் கைத்தட்டல். சட்டென்று தாழ்ப்பாள் திறந்தது.

"யாருக்குய்யா இந்தக் கைத்தட்டல்?" என்றார் பல்தஸ்ஸாரே.

"என் பையனுக்குங்க."

"கிழவன் வராம தளபதிக்கு மட்டும் கைத்தட்டலா? அநியாயமா இருக்கே! தூக்குங்கடா திரையை!"

அப்புறம் எல்லாம் சுபம். முடிந்ததும் அந்த வடக்கத்தி அம்மாள் மேலாளரிடம், "மேல்மாடத்தில பனியன்காரங்களை உட்கார வச்சது யாரோட யோசனை? போர்வீரர்கள்தானே? பிரமாதம்" என்றாளாம். அந்த மனுஷன் கூசாமல், "என்னோடதுதான்" என்றானாம். கதால்தோவைப் பார்த்து ஒரு தடவை இல்லை, மூன்று தடவை தலையாட்டினாள். பனிக்காலம் முழுக்க அவள் அரங்கில் பாட வேண்டும், தளபதி வேஷம், மேகம் கிடையாது. மறுநாள் சவேரியோ எனக்குச் சோப்பே பூசாமல் முதலில் கையைக் குலுக்கினார். "முட்டை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எனக்கு அது போதும்.

ஆகையால் அக்கா, கதால்தோ டூரினுக்கு வரமாட்டான். அந்த நாற்காலியை வேறு நல்ல பிள்ளைக்குக் கொடுக்கும்படி அத்தானிடம் சொல். நுன்ஸியா என்னிடம் புனிதர் மேல் சத்தியம் வாங்கியிருப்பதால் நானும் இனி எந்த அரங்கிலும் கால் வைக்க மாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். பெரியவளான நீ எங்களை ஆசீர்வதிக்க வேண்டும், ஆலிவ் எண்ணெய் இரண்டு டின் தனியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
ஒரோன்ஸோ

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் கதால்தோ இப்போதுதான் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "அப்பா, அந்தம்மாவோட அரங்கு எந்த ஊர்னு கேக்கவே இல்லையா? டூரின்ப்பா!" என்கிறான். ஆகவே வருகிறான், பனிக்காலம் முழுக்க உன் வீட்டில்தான். காலை ஆறு மணிக்கே சாதகம் ஆரம்பிப்பான், அத்தானிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லிவை. முதல் நாளுக்கு நானும் வருகிறேன், புனிதரிடம் பேசிக்கொண்டேன், நுன்ஸியாவிடம்தான் இன்னும் பேசவில்லை. விருந்தாளி அறை ஊதாத் திரைச்சீலையை இன்றைக்கே கழற்றிவிடு. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, சங்கத்தார் நாற்பது பேரும் பனியனோடுதான் வருகிறோம்.