பெரியவருக்குப் பின்னால் எதைப் பூட்டுவது?

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் திருமாறன் அவர்களுக்கு, ரிங்லெட் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தங்கள் தங்கை யோகேஸ்வரியின் கணவன் நாகரத்தினம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், தங்கை நலம், குளிரும் நலமாகவே இருக்கிறது. தாங்களும் தாப்பா டவுனில் தங்கள் பழைய இரும்புக் கடையும் மேலும் துருப்பிடிக்காமல் விளங்க அம்மனை வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "லைன் சரியில்ல மாப்ள" என்று தாங்கள் வைத்துவிடுவதால் எழுத வேண்டியதாயிற்று.

தோட்டத்துத் துரை பழைய கொட்டகையைக் காலி செய்தபோது எனக்குக் கொடுத்த சின்ன டிராக்டரைத் தாங்கள் இன்னும் தரிசிக்கவில்லை. என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை 'அது' என்று சொல்வதில்லை. பெரியவர் என்றே சொல்கிறேன். சாவியைத் திருப்பினால் முதலில் ஒரு செருமல், பிறகு கொஞ்சம் புகை, பிறகு லயத்தில் ஒருவரும் தூங்க முடியாது. ஆலையில் இலை வாட்டும் மாடியில் ஆயுளைக் கழித்தவன் நான், பார்க்காத மெஷினா? ஆனாலும் இவர் முன்னால் நின்றால் கை தானாகக் கட்டிக்கொள்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவை இந்த மழைக்கு முன் உழுது முட்டைக்கோஸ் நட்டால் அந்த நிலம் எனக்கு, இல்லையென்றால் ஸ்ட்ராபெரிக்காரனுக்கு என்று துரை சொல்லிவிட்டார். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்தவனுக்கு அந்த மண்தான் இனிமேல் மரியாதை. ஆனால் நம் ஆட்களில் யார் ஏர் பூட்டினார்கள்? தேயிலைக்கு உழவு ஏது? கூடை தெரியும், கவ்வாத்துக் கத்தி தெரியும். பெரியவருக்குப் பின்னால் எதை மாட்டுவது என்று லயத்தில் ஒரு பயலுக்கும் தெரியவில்லை, ஆனால் யோசனை சொல்லாதவனும் ஒருவன் இல்லை. கடைசியில் திரிங்காப் தோட்டம் ஒன்றில் ஒரு சட்டிக் கலப்பையை இரவல் வாங்கி வந்தேன். அது பெரிய டிராக்டருக்குச் செய்த சாமானாம். நெம்புகோலை இழுத்தேன், கலப்பை எழும்பவில்லை, பெரியவர் எழும்பினார். முன்சக்கரம் இரண்டும் ஆகாயத்தில். எனக்கோ அப்படியே புல்லரித்துவிட்டது, அருள் வந்துவிட்டது என்றே நினைத்துக் கும்பிட்டேன். கையை எடுத்ததால் விழப் பார்த்தேன்.

அடுத்து, அதே மாதிரி இரவல் வாங்கின ஒரு ரொட்டவேட்டர். மச்சான், தாங்கள் இரும்பு விற்பவர், அதன் மகிமை தங்களுக்குத் தெரியாது. கத்திகள் சுழன்றுகொண்டே மண்ணைப் பொடியாக்குகின்றன. திரும்பிப் பார்த்தேன், மண் திருநீறு மாதிரிக் கிடந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கண்ணீரில் முன்னால் பார்க்கத் தவறிவிட்டேன். இறுகின தரை வந்ததும் கத்திகள் தோண்டுவதை விட்டுவிட்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தன, நான் கிளட்சை மிதித்தேன், பெரியவர் நிற்கவில்லை, மறுபடி மிதித்தேன், இன்னும் ஜோராகப் போனார், சௌசௌ பந்தல் போச்சு, தங்கையின் துணிக்கொடி போச்சு, ஒரு பாவாடையைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றார். கீழே எட்டிப் பார்த்தேன், தேயிலைச் செடி எல்லாம் சின்னச் சின்னதாகத் தெரிந்தது.

டவுன் மெக்கானிக் கைருல் வந்து படுத்துப் பார்த்தான். "அங்கிள், இது பழைய வண்டி லா. பின்னால சுத்துறதும் சக்கரமும் ஒரே கியர்ல கட்டியிருக்கு. நீங்க கிளட்ச மிதிச்சாலும் அது தள்ளிட்டுத்தான் போவும். மேட்டுல இத வச்சி வெளையாடாதீங்க" என்றான். வேண்டுமானால் அப்படித் தள்ளாமல் தடுக்க ஒரு சாமான் தேடி மாட்டலாம் என்றும் சொன்னான். நான் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். திருநீறு மண்ணைப் பார்த்த கண் வேறு எதைப் பார்க்கும்?

தங்கள் கடையில் ஒற்றைக் கொழுக் கலப்பை ஒன்றும் சின்ன ரொட்டவேட்டர் ஒன்றும் கிடப்பதாகவும், எதுவென்று சொன்னால் லோரியில் ஏற்றுவதாகவும் சொன்னீர்கள். ரொட்டவேட்டர் என்று நான் முடிவெடுத்ததைக் கேட்டுத் தங்கை சண்டை போடவில்லை. "ஒங்க இஷ்டம்" என்றாள். இந்த வார்த்தைக்கு நான் எவ்வளவு பயப்படுவேன் என்று தங்களுக்குத் தெரியும். பிறகு அவளே, "எதுக்கு வம்பு, ஆத்தாகிட்ட பூக் கட்டிப் பாத்துருவோம்" என்றாள். வெள்ளை வந்தால் கலப்பை, சிவப்பு வந்தால் ரொட்டவேட்டர். என்ன நியாயமான பெண்! பொட்டலங்களையும் அவளே மடித்து அம்மன் காலடியில் வைத்தாள். பூசாரி மாடசாமி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மாடசாமிதான் அடித்தார், இருந்தாலும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. என் உயிரைக் காப்பாற்ற ஆத்தா நேரே வாய் திறந்து பேசிவிட்டாள். கலப்பை உழுவதைக் கேள்வி கேட்க நான் யார்?

ஆகவே தெய்வ உத்தரவுப்படி கலப்பையையே அனுப்பவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, லோரி டிரைவருக்கு மலை வளைவில் நல்ல புத்தி.

இப்படிக்கு,
ஆத்தாவின் அருள் பெற்ற
நாகரத்தினம்

பி.கு.: ஸ்டாம்பு எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது, பிரசாதமாக மாடசாமி கொடுத்த, அவர் எடுக்காமல் விட்ட அந்த இன்னொரு பொட்டலம் அகப்பட்டது. பிரித்தேன். அதிலும் வெள்ளை. அடுப்படிக்குப் போய், "செவப்பு எங்கடி?" என்றேன். தங்கை தோசையைத் திருப்பிக்கொண்டே, "என் கொண்டையில" என்றாள். அங்கேதான் இருந்தது. "சாமி விஷயத்துல இப்டிப் பண்ணலாமா?" என்று கேட்டேன். "பூவ நம்பி ஒங்கள அந்தப் பள்ளத்துல விடச் சொல்றீங்களா?" என்றாள். அதற்குமேல் அவள் தோசையைத் திருப்பவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தோசை தீய்ந்தது, அதைத்தான் சாப்பிட்டேன். எனவே மச்சான், மேலே ஆத்தா என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் தங்கள் தங்கை பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். கலப்பையை மட்டும் மாற்ற வேண்டாம்.