முழங்கையில் வைத்த மை

எனக்கு வயசு எழுபத்தொண்ணு. பெத்தது நாலு, வளத்தது ஆறு. (மிச்ச ரெண்டும் என் நாத்தனார் பிள்ளைங்க. அவ போனப்புறம் என் வூட்டுலதான் வளந்துதுங்க.) ஆறு பேருக்கும் களி கிண்டிப் போட்டு ஆளாக்கி விட்டவ நான். இதை எதுக்கு மொதல்ல சொல்றேன்னா, இனிமே சொல்லப் போறதைப் படிச்சிட்டு யாரும் என்னை லேசா நெனைச்சிடக் கூடாது.

எனக்கு வேர்க்கும்.

எல்லாருக்கும்தானே வேர்க்குதுன்னு சொல்லுவீங்க. உங்களுக்கு வர்றது வேர்வை. எனக்கு வர்றது ஊத்து. மார்கழியில எங்க ஜவ்வாது மலையில ஆட்டுக்குட்டி கூட அடுப்பு பக்கத்துல வந்து படுத்துக்கும். அப்பவும் என் உள்ளங்கை சொட்டும். வளையல்காரன் சோப்பு போடாம வளையல் ஏத்துற கை இந்த மலையிலயே என் கை ஒண்ணுதான். ரப்பர் செருப்பு போட்டு மேடு ஏறினா செருப்பு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். கல்யாணத்துல பொண்ணு தலையில கைய வெச்சு வாழ்த்தினா, யாரோ தீர்த்தம் தெளிச்சாங்கன்னு அது அண்ணாந்து பாக்கும்.

அதுக்காக நான் மூலையில உக்காந்துடல. கேழ்வரகு அறுக்கப் போனா அருவா பிடியில பழந்துணி சுத்திப்பேன். (சுத்தாம அறுத்த ஒரு தரம் அருவா பறந்து போய் பக்கத்து நெலத்துல குத்திக்கிச்சு. நல்ல வேளை, அங்க ஆளு இல்ல.) செருப்பைத் தூக்கிப் போட்டுட்டு வெறுங்காலோட நடந்தேன். ஆம்பளை மாதிரி தோள்ல துண்டு போட்டேன். ஊரு சிரிச்சிது. சிரிச்சிட்டுப் போவட்டும், துடைக்கறது என் கையத்தானே? ஆலங்காயத்துல ஒரு டாக்டரம்மா கிட்டயும் காட்டினேன். "சில பேருக்கு ஒடம்பு வாகே இப்படித்தாம்மா, பயப்படாதீங்க"ன்னு சொல்லி பூசறதுக்கு மருந்து குடுத்தாங்க. நாலு நாள் பூசினேன். அஞ்சாம் நாள் சாமை நாத்து களை எடுக்கப் போய்ட்டேன், மருந்தை மறந்துட்டேன். தப்பு என்மேலதான்.

இப்படி எல்லாத்துக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சவளுக்கு ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் வழி கெடைக்கல. காகிதம்.

அம்பது வயசுக்கு மேல, மகளிர் குழு நோட்டுல போடறதுக்காக நான் கையெழுத்து கத்துக்கிட்டேன். குப்பம்மா. அஞ்சு எழுத்து. அந்த அஞ்சைக் கத்துக்க ஒரு மழைக்காலம் பூரா ஆச்சு. அப்படி கத்துக்கிட்டு, போன பஞ்சாயத்து எலெக்ஷனுக்கு ஓட்டுச்சாவடிக்குப் போய் நெஞ்சை நிமித்திக்கிட்டு பேனாவை வாங்கினேன். 'கு' போட்டேன். 'ப்' போடறதுக்குள்ள நோட்டுல கொளம் கட்டிடுச்சு. என் பேரு மட்டும் கரைஞ்சா பரவால்ல, எனக்கு மேல இருந்த மூணு பேரோட கையெழுத்தும் சேந்து ஓடிச்சு. அங்க இருந்த சாரு பதறிப் போய், "பாட்டி, பேனாவைக் குடுங்க, கைநாட்டு வையுங்க போதும்"னு என் கட்டை வெரலைப் பிடிச்சு அமுக்கிட்டாரு. அதோட விட்டுதா? ஓட்டுச் சீட்டு உள்ளங்கையில ஒட்டிக்கிட்டு பெட்டிக்குள்ள விழவே மாட்டேன்னிச்சு. பெட்டி மேல கைய வெச்சு உதறு உதறுன்னு உதறினேன்.

இதையெல்லாம் ஏஜென்டா உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தவன் என் கொழுந்தன் சின்னராசு. என் வூட்டுக்காரரோட தம்பி, பக்கத்து வூடு. அன்னையிலிருந்து அவனுக்கு வேற பேச்சே இல்ல.

இந்தத் தடவை எலெக்ஷன் வந்திச்சு. எங்க வார்டுக்கு என் மருமக செல்வி நின்னா. எதிர்ல யாருன்னா, சின்னராசு பொண்டாட்டி. (மலையில வேற யாரு இருக்கா? எல்லாம் எங்களுக்குள்ளயேதான்.) ஓட்டுக்கு மொத நாள் காலையில தண்ணிக் கொழாய்கிட்ட பத்து பேருக்கு முன்னால சின்னராசு ஆரம்பிச்சான்.

"இன்னா அண்ணி, நாளைக்கும் கையெழுத்துதானா?"

"ஆமா. உனுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. நோட்டு நனையாம இருக்க ஒரு தார்ப்பாய் கொண்டாரலாம்னு பாத்தேன்."

கொடத்தை எறக்கி வெச்சிட்டு சொன்னேன், "டேய், நாளைக்கு நான் போடற கையெழுத்துல ஒரு சொட்டு ஈரம் இருந்தா, இனிமே பேனாவே தொட மாட்டேன்."

வாய் சொல்லிடுச்சு. கை அப்பவே சொட்டிக்கிட்டு இருந்திச்சு.

வூட்டுக்கு வந்தா, வாசல்ல காதர் பாய். வாணியம்பாடியிலிருந்து வருஷா வருஷம் எங்ககிட்ட கடுக்காய் வாங்க வர்றவரு. நாங்க காட்டுல பொறுக்கிக் காய வெக்கறதை மூட்டை கட்டித் தோல் பதனிடற எடத்துக்குக் கொண்டு போவாரு. மூட்டையை அவுத்துக் காயைக் கையில உருட்டிப் பாத்துக்கிட்டே அவரு பாட்டுக்கு சொன்னாரு:

"நல்ல காயிம்மா. இதுல ஊறப் போட்டா எப்பேர்ப்பட்ட ஈரத் தோலும் இறுகிடும். அப்புறம் கசியவே கசியாது."

என் காதுல மணி அடிச்ச மாதிரி இருந்திச்சு. மாட்டுத் தோலே இறுகுதுன்னா, மனுஷித் தோல் இறுகாதா?

பாய் மூட்டையைத் தூக்கறதுக்கு முன்னால ரெண்டு படி காயை எடுத்து ஒளிச்சிட்டேன். பாய் கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. கேக்கல. நான் யாரையும் கேட்டுப் பழக்கப்பட்டவ இல்ல.

எல்லாரும் ஓட்டு கேக்கப் போயிட்டாங்க. கடுக்காயை ஒரல்ல போட்டு இடிச்சேன். தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சேன். ரெண்டு கையும் ஒண்ணா முங்கற மாதிரி அகலமா எங்க வூட்டுல இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கொள்ளு வறுக்கற பழைய இரும்புச் சட்டி. அதுலயே காய்ச்சி, ஆற வெச்சு, மணிக்கட்டு வரைக்கும் கைய விட்டுக்கிட்டு உக்காந்தேன். மதியத்துலேருந்து பொழுது சாயற வரைக்கும். மூக்கு அரிச்சுது, சொறியல. கோழி வந்து காயப்போட்ட சாமையைக் கொத்திச்சு, வாயாலயே விரட்டினேன். எழுந்திருக்கல.

செல்வி வந்து பாத்தா. 

"அத்தை... கைய இன்னா பண்ணினீங்க?"

அப்பதான் நான் குனிஞ்சு பாத்தேன். கை இல்ல அது, ரெண்டு கரிக்கட்டை. நகம், நகக்கண்ணு, ரேகை, எல்லாம் ஒரே கறுப்பு. தூக்கினப்போ வழிஞ்ச தண்ணி முழங்கை கிட்ட வரைக்கும் கறை ஏத்தியிருந்திச்சு. சட்டியில இருந்த தண்ணியும் தார் மாதிரி இருந்திச்சு.

"புளியைக் கரைச்சுத் தேயுங்க அத்தை, போயிடும்! நாளைக்கு நான் எலெக்ஷன்ல நிக்கறேன், செல்வி மாமியாருக்கு கை வெந்துபோச்சுன்னு ஊரு பூரா சொல்லப் போவுது!"

புளியும் கையுமா வந்தா. நான் கைய இழுத்துக்கிட்டேன். ஏன்னா அதுக்குள்ள நான் ஒண்ணு கவனிச்சிட்டேன். உள்ளங்கையில ஈரமே இல்ல. எழுபத்தொரு வருஷத்துல மொத தரம், என் கை சருகு மாதிரி காஞ்சு கெடந்திச்சு. ரெண்டு கையையும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுப் பாத்தேன். சரசரன்னு சத்தம் வந்திச்சு. எனக்கு அழுகையே வந்திடுச்சு.

"கழுவ மாட்டேன்" ன்னேன். "வெள்ளையா ஈரமா இருக்கறதுக்கு, கறுப்பா காஞ்சே இருக்கட்டும்."

மறுநாள் காலையில ஓட்டுச்சாவடிக்குக் கெளம்பினேன். இன்னைக்குத் துண்டு எதுக்குன்னு கெத்தா வூட்டுலயே வுட்டுட்டு வந்தேன். (இந்த எடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.) வரிசையில முந்தானைக்குள்ள கைய வெச்சுக்கிட்டு நின்னேன். உள்ள, மலைக்குக் கீழ இருக்கற கீழ் நாட்டுலேருந்து வந்திருந்த கண்ணாடி போட்ட டீச்சரம்மாதான் பெரிய ஆபீசர். ஏஜென்ட் பெஞ்சுல, மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டுக்கிட்டு, சின்னராசு.

"கைய நீட்டுங்க பாட்டி, மை வெக்கணும்."

நீட்டினேன்.

மைக்குச்சியைப் பிடிச்சிருந்த பொண்ணு குச்சியைக் கீழ போட்டுடுச்சு. சின்னராசு பெஞ்சு சாயற மாதிரி எழுந்தான்.

"நிறுத்துங்க டீச்சர்! இவங்க ஏற்கெனவே ஓட்டு போட்டுட்டாங்க. வெரலைப் பாருங்க!"

"எந்த வெரலை?" ன்னாங்க டீச்சரம்மா.

"எந்த வெரலை வேணாலும் பாருங்க!"

வெளிய வரிசையில இருந்து ஒரு பொம்பள, "யம்மா, பத்து வெரலுக்கும் பத்து ஓட்டு போட்டுட்டு வந்திருக்கு!" ன்னு கத்தினா. சாவடியே சிரிச்சுது. காவலுக்கு நின்ன போலீஸ்காரரு கூட சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

டீச்சரம்மா மட்டும் சிரிக்கல. என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"மருதாணியா பாட்டி?"

"கடுக்காயிங்க."

"கடுக்காயா? எதுக்கு?"

"கையெழுத்துக்குங்க."

கண்ணாடிக்கு மேல என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் பேர் பட்டியலைப் பிரிச்சு வெரலை ஓட்டினாங்க. "இவங்க பேருக்கு நேரா கோடு போடல. இன்னைக்கு இவங்க இன்னும் ஓட்டு போடல. ஓட்டு போட்டா ஒரு வெரல்லதான் மை இருக்கும், மணிக்கட்டு வரைக்கும் முக்கி எடுக்க மாட்டாங்க."

"சரி, அப்ப இப்ப மையை எங்க வெப்பீங்க? கறுப்பு மேல கறுப்பா?" ன்னான் சின்னராசு. வுடல அவன்.

நியாயமான கேள்விதான். டீச்சரம்மா ஒரு சின்ன புஸ்தகத்தை எடுத்துப் பொரட்டினாங்க. பக்கத்துல இருந்தவர்கிட்ட குசுகுசுன்னு பேசினாங்க. அப்புறம், "வெரல்ல எடம் இல்லன்னா கையில மேல போலாம்" ன்னாங்க.

"எவ்வளவு மேலங்க?"

"வெளுப்பு கெடைக்கிற வரைக்கும்."

அப்படித்தான் என் முழங்கையில மை வெச்சாங்க. இந்த நாட்டுல எத்தனையோ பேரு ஓட்டு போட்டிருப்பாங்க, முழங்கையைத் தூக்கிக் காட்டி போட்டோ எடுத்துக்க வேண்டியவ நான் ஒருத்திதான்.

அடுத்து நோட்டு. பேனாவை வாங்கினேன். வழுக்கல. 'கு' போட்டேன். காகிதம் காஞ்ச காகிதமாவே இருந்திச்சு. ஆனா அப்பதான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது. கையில அடைச்ச ஊத்து சும்மா இருக்கல, வேற வழி பாத்துக்கிச்சு. நெத்தியில கட்டி, புருவத்துல எறங்கி, மூக்கு நுனியில வந்து தொங்கிச்சு, ஒரு பெரிய சொட்டு. நேரா கீழ என் பேரு.

தோளைத் தடவினேன். துண்டு இல்ல.

"அண்ணி," ன்னான் சின்னராசு, "பேசாம கைநாட்டே வெச்சிடுங்க. மைதான் ரெடியா இருக்குதே."

"உக்காருடா" ன்னேன். தலைய அண்ணாந்தேன், கூரையில பல்லி தெரியற அளவுக்கு. கண்ணை மட்டும் கீழ எறக்கி, கோழி தண்ணி குடிச்சிட்டு முழுங்கற மாதிரி நின்னுக்கிட்டு 'ப்' போட்டேன். 'ப' போட்டேன். சொட்டு மூக்கு மேலயே பின்னால ஓடி கண்ணுக்குள்ள போய் எரிஞ்சுது. 'ம்' போட்டேன். 'மா' போடறப்போ அந்தக் காலை நீட்டி இழுத்தேன் பாருங்க, அடுத்த கட்டம் வரைக்கும் போச்சு.

டீச்சரம்மா நோட்டைத் தூக்கிப் பாத்தாங்க. வெரலால தடவியும் பாத்தாங்க.

"தெளிவா இருக்கு பாட்டி" ன்னாங்க.

எட்டிப் பாக்க வந்த சின்னராசு அப்ப என் பக்கத்துலதான் நின்னான், கையில பேர் பட்டியலோட. நான் தலைய எறக்கினேன். அவ்வளவு நேரம் தேங்கியிருந்தது மொத்தமும் அவன் காகிதத்துல கொட்டிச்சு. அவன் பொண்டாட்டி பேருதான் கரைஞ்சுதுன்னு செல்வி சொல்றா. நான் பாக்கல. பாத்திருந்தாலும் இவ்வளவு நல்லா சொல்லியிருக்க மாட்டேன்.

செல்வி எட்டு ஓட்டுல தோத்தா. "அத்தை, உங்க பத்து வெரலையும் பத்து ஓட்டா எண்ணியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்"னு இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா. மிச்ச மூட்டையை எடுக்க அடுத்த வாரம் வந்த காதர் பாய் என் கையப் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டாரு. "இரும்புச் சட்டியிலயா காச்சினீங்கம்மா? கடுக்காயும் இரும்பும் சேந்தா மைதாம்மா! அந்தக் காலத்துல அதைத் தொட்டுத்தான் எழுதினாங்க!" அதாவது, கையெழுத்து போடப் போனவ ரெண்டு கையையும் மைக்கூட்டுல முக்கிட்டுப் போயிருக்கேன். டாக்டரம்மா இன்னும் நல்லா திட்டினாங்க. கறுப்பு போக ரெண்டு வாரம் ஆச்சு. அது போன அன்னைக்கே வேர்வையும் திரும்பி வந்திடுச்சு, எங்கயும் போவாத மாதிரி. இப்ப மருந்தை மறக்காம பூசறேன். கொஞ்சம் தேவல.

எங்க வூட்டுல சாப்பாட்டுக்கு உக்கார்றவங்களை இப்ப யாரும் "கை கழுவியாச்சா"ன்னு கேக்கறதில்ல. "ஓட்டு போட்டாச்சா"ன்னுதான் கேக்கறாங்க. சின்னராசு வழியில பாத்தா கும்பிட மாட்டான், முழங்கையைத் தூக்கிக் காட்டுவான். நானும் தூக்கிக் காட்டுவேன்.

அந்த அஞ்சு எழுத்தோட நான் நிறுத்தல. மிச்ச எழுத்தையும் ஒவ்வொண்ணா பிடிச்சேன். இதை சாமை வெதைக்கறப்போ எழுத ஆரம்பிச்சேன், கதிரு முத்திப் போச்சு. மணிக்கட்டுக்குக் கீழ துண்டை மடிச்சு வெச்சுக்கிட்டு, ஒரு பக்கம் எழுதி, வெயில்ல காய வெச்சு, அடுத்த பக்கம் எழுதினேன்.

இப்படிக்கு, குப்பம்மா.

வெண்ணிலா! ஏ வெண்ணிலா! செல்போனைக் கீழ வெச்சிட்டு இங்க வா கண்ணு. இந்தா, இன்னா எழுதியிருக்கேன்னு மொதல்லேருந்து படி பாக்கலாம். ஈரம் பட்ட எடத்துல நீயா எதையும் சேத்துப் படிக்காதே. கையெழுத்து எடம் வந்தா மட்டும் கொஞ்சம் சத்தமா படி. உங்க சின்னத் தாத்தா வூட்டு ஜன்னல் தொறந்துதான் இருக்குது.