கையைத் தூக்காத கவுன்கள்

எந்தப் பெண்ணும் தன் உடம்பின் அளவைத் தையல்காரியிடம் உள்ளபடி காட்டுவதில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு கிட்டப் போனால் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இழுத்த மூச்சோடு எடுத்த அளவில் தைத்துக் கொடுத்தால், விட்ட மூச்சோடு வந்து திட்டுவார்கள். அதனால்தான் எங்கள் தொழிலில் ஆளை அளக்கிற வேலையே கிடையாது. "அளவு ஜாக்கெட் ஒன்னு கொண்டாங்க" என்போம். உடம்புக்குச் சரியாக நிற்கிற பழைய சேலை ஜாக்கெட் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதை விரித்து வைத்து அப்படியே வெட்டலாம். (முகமே தெரியாத வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. ஜாக்கெட்டைக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடுவேன்.)

இந்த வழக்கத்தை நம்பித்தான், இங்கிலாந்துச் சீமாட்டிகள் இருநூறு வருஷத்துக்கு முன்பு போட்ட உடுப்பில் நான் கத்தரியை வைத்தேன்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், மடவளை பஸ் திரும்புகிற வீதியில் எனக்கொரு சின்னத் தையல் கடை. கூட வேலை செய்தவர் மடவளை பரீதா ராத்தா. (நாங்கள் அக்கா என்பதை மடவளை முஸ்லிம்கள் ராத்தா என்பார்கள்; இருக்கு என்பதை ஈக்கி என்பார்கள்.) எந்த வேலையைக் கேட்டாலும் ராத்தா "முடிஞ்ச மாதிரித்தான் புள்ள" என்பார். இன்னும் தொடங்கவில்லை என்பதை அவ்வளவு ஆறுதலாகச் சொல்ல வேறு யாராலும் முடியாது.

எனக்கோ ஜாக்கெட் அலுத்துப்போயிருந்தது. கொக்கி வை, கண்ணி வை, இன்னொரு கொக்கி வை. கழுத்து ஒரு பக்கமாகவே நின்று பழகிவிட்டது. கோயிலுக்குப் போனால்கூட முன்னால் நிற்கிற பெண்ணின் முதுகுச் சுருக்கம்தான் கண்ணில் படும்; சாமி அதற்கு அப்புறம்தான். இந்த நிலைமையில்தான் மனோன்மணி டீச்சர் கடைக்கு வந்தார்.

டீச்சர் யாழ்ப்பாணத்தார். கண்டியில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், பழங்கால உடுப்புப் போட்டுக்கொண்டு பழங்கால டான்ஸ் ஆடுகிற கூட்டத்தைப் பார்த்து மயங்கி, திரும்பி வந்ததும் இங்கேயும் ஒரு கூட்டம் சேர்த்துவிட்டார். எட்டுப் பெண்கள், எல்லோரும் பென்ஷன்காரர்கள். இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, கைகோத்து, இடம் மாறி மாறிப் போகிற ஆட்டம். மூட்டு வலிக்குப் பாதகமில்லை என்று டாக்டரே சொன்னாராம்.

டீச்சர் ஒரு படத்தை மேசையில் வைத்தார். மெல்லிய வெள்ளைக் கவுன். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நெஞ்சுக்குக் கீழேயே வந்து உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பாதம் வரைக்கும் நேரே இறக்கம். தோளில் பஃப் கை.

"பிள்ளை, இது தைப்பீரோ?"

"இதுல என்ன டீச்சர் இருக்கு. மேல ஜாக்கெட், கீழ பாவாடை. ரெண்டையும் ஒட்டி அடிச்சா கவுனு."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அந்தக் கைகூட நம்ம கண்டிக் கல்யாணப் பொண்ணுக்கு வைக்கிற கைதானே."

டீச்சரின் கண்ணில் மரியாதை தெரிந்தது. (எனக்கே என்மேல் வந்துவிட்டது. அதுதான் வினை.)

"கொழும்பிலயும் எங்களைப் போல ஒரு குழு இருக்கு" என்றார் டீச்சர். "அவை உடுப்பெல்லாம் வெளிநாட்டில இருந்துதான் எடுக்கிறவை. நாங்கள் வைக்கிற ஆட்டத்துக்கு அவையும் ஆட வருகினம். உம்மட கவுன் அவைக்குப் பிடிச்சா, இனி அவையின்ர தையல் முழுக்க உமக்குத்தான்."

வருஷம் முழுக்கக் கவுன். இனிச் சாகும்வரை ஜாக்கெட் இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொல்லிவிட்டேன்: "கொழும்பு ஓடர் கெடச்சதும் கடை வாசல்ல புது போர்டு. இங்கு ஜாக்கெட் தைக்கப்படமாட்டாதுன்னு."

முனிசிபல்டியில் வேலை பார்க்கிற மனுஷர். எதற்கும் அவசரப்படமாட்டார். "மொதல்ல கவுன தை. போர்டு எங்க ஓடிரப் போகுது" என்றார்.

வெள்ளை வோயில் துணி வாங்க டவுனுக்குப் போனேன். கட்டுக் கட்டாக வெள்ளையை இறக்கச் சொன்னதும், தெரிந்த கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "எப்பம்மா நடந்துச்சு?" என்றார்.

"என்னது?"

"இல்ல, இம்புட்டு வெள்ளத் துணி... வீட்டுல யாரு?"

"யாருக்கும் ஒன்னுமில்ல. டான்ஸுக்கு."

அவர் துணியை மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

அளவு ஜாக்கெட்டுகள் எட்டும் வந்து சேர்ந்தன. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்றைய உடம்பின் ஜாக்கெட்டை யாரும் அனுப்பவில்லை. தங்களுக்குப் பிடித்த காலத்தின் ஜாக்கெட்டை அனுப்பியிருந்தார்கள். ராத்தா ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது டீச்சர் கலியாணம் முடிச்ச நாள்ள போட்டது போல ஈக்கி."

"தையல் ஓரத்துல துணி இருக்கு ராத்தா. கொஞ்சம் விட்டு அடிப்போம்."

அப்படித்தான் அடித்தோம். உடம்பில் ஒட்டி நிற்கிற ஜாக்கெட், அதன் கீழ் விளிம்பில் கொசுவம் கொசுவமாகச் சுருக்கிய பாவாடை. முதுகில் மேலிருந்து கீழ்வரை திறப்பு, அதற்கு நாடா. துணி மெல்லிசு என்பதால் உள்ளே வெள்ளை உள்பாவாடை கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். போட்டுப் பார்த்த அன்றைக்கு எட்டுப் பேரும் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோலக் கையைத் தொங்கவிட்டு வரிசையாக நின்றார்கள். ஒரு சுருக்கம் இல்லை. ராத்தா என் காதில், "ஓவியம் போல ஈக்கி புள்ள" என்றார். கசங்கிவிடும் என்று டீச்சர் கவுனோடு யாரையும் ஆடிப் பார்க்க விடவில்லை. ஒத்திகை எல்லாம் பழைய உடுப்பில்தான்.

இந்த இடத்தில் ஜாக்கெட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சேலை கட்டிய பெண் கையைத் தூக்கினால் ஜாக்கெட் இரண்டு விரல் மேலே ஏறும். முந்தானை மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. கையை இறக்கினால் அதுவும் இறங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அதன் உயிர் பிழைக்கிறது. அதன் கீழே நான் ஒரு பாவாடையைத் தைத்து, ஏற முடியாமல் கட்டிப்போட்டிருந்தேன்.

ஆட்டம் பேராதனை வீதியில் ஒரு மண்டபத்தில். வெளியே கண்டி மழை. உள்ளே குடும்பங்கள் எல்லாம் கதிரைகளில் உட்கார்ந்திருந்தன; நானும் கணவரும் ராத்தாவும் பின்வரிசையில். கொழும்புக்காரர்கள் வெளிநாட்டுக் கவுன்களில் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களின் தலைவி ஒரு டாக்டரம்மா. எங்கள் எட்டுப் பேரும் வரிசையாக நடந்து வந்ததும் முன்னால் குனிந்து பார்த்தார். நான் கணவரின் கையை இடித்தேன். "போர்டு" என்றேன்.

பாட்டுத் தொடங்கியது. கும்பிட்டார்கள், இடம் மாறினார்கள், எல்லாம் அழகு. அப்புறம் வளைவு வந்தது. இரண்டு வரிசையும் எதிரெதிரே கையைத் தூக்கிக் கோத்துப் பிடிக்க, கடைசி ஜோடி அதற்குள் புகுந்து போக வேண்டும். அப்படியொரு கட்டம் உண்டு என்று நான் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை.

கைகள் மேலே போயின. எங்கேயோ "சர்ர்" என்றது.

"அது கதிரையா புள்ள?" என்றார் ராத்தா.

"கதிரைதான் ராத்தா."

இன்னொரு சர்ர்.

"அதும் கதிரையா?"

கக்கத்துத் தையல்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மேலே கை இழுக்கிறது, கீழே பாவாடை இழுக்கிறது, நடுவில் என் தையல். எட்டுப் பேரில் டீச்சரின் கக்கம் மட்டும் தாங்கியது. அந்த ஒரு கக்கத்துக்காக நான் பெருமைப்பட்டு முடிப்பதற்குள், தாங்கிய வேகத்தில் இடுப்பு இணைப்பு சுற்றிவரப் பிய்ந்து, பாவாடை மொத்தமாகக் கழன்று டீச்சரின் காலடியில் விழுந்தது.

இப்போது மண்டபத்தின் நடுவில் மனோன்மணி டீச்சர் ஜாக்கெட்டும் உள்பாவாடையுமாக நின்றார். இங்கிலாந்தும் இல்லை, இருநூறு வருஷமும் இல்லை. சேலை கட்ட மறந்து வீதிக்கு வந்துவிட்ட ஒரு டீச்சர். நான் கதிரைக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு பாட்டுப் போடுகிறவரைப் பார்த்து, "நிப்பாட்டாதேங்கோ" என்றார். விழுந்த துணியை எடுத்தார். முதுகுத் திறப்பு இருந்ததால் அது நீளத் துணியாக விரிந்தது. ஒரு முனையை உள்பாவாடையில் செருகி, சுற்றி, நாலு கொசுவம் பிடித்து, மிச்சத்தைத் தோளில் போட்டார். காலமெல்லாம் பள்ளிக்கூட மணிக்கு முன்னால் சேலை கட்டிப் பழகிய கை. கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை.

பிறகு மற்ற ஏழு பேரையும் பார்த்து, வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னார்: "ஒருத்தரும் கையைத் தூக்காதேங்கோ."

அதற்குப் பிறகு யாரும் தூக்கவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த கோழிகளைப்போல மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தார்கள். வளைவு வரும்போதெல்லாம் கையை விட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, கடைசி ஆட்டத்தில் சேர வந்த கொழும்புக்காரர்கள் இதுதான் கண்டிப் பாணி என்று நினைத்துக்கொண்டு, நல்ல கவுனைப் போட்டிருந்தும் முழங்கையை ஒட்டிக்கொண்டே ஆடினார்கள். என் கணவர் எழுந்து நின்று கை தட்டினார். அந்த மண்டபத்தில் கையை உயரத் தூக்கியவர் அவர் ஒருவர்தான்.

நான் பின்கதவால் நழுவப் பார்த்தபோது டாக்டரம்மா வந்து பிடித்துக்கொண்டார்.

"டீச்சர் போட்டிருக்கிற ஜாக்கெட் நீங்க தச்சதா?"

"அது கவுனு மேடம்" என்றேன்.

"கவுன விடுங்க. தோள்பட்டை என்னமா உக்காந்திருக்கு. கொழும்பில நானும் எத்தனையோ பேர்கிட்டக் குடுத்துப் பாத்துட்டேன், இப்படி வாறதில்ல. எனக்கு ஆறு தச்சுத் தாங்க. எங்க ஆக்களும் கேக்குறாங்க."

"கவுனா மேடம்?" (நம்பிக்கை சாகிற சாதி இல்லை.)

"ஐயோ, ஜாக்கெட்."

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. சால்வையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த ஓடர் இன்றுவரை நிற்கவில்லை. டாக்டரம்மா முடிந்து அவர் மகள், மகள் முடிந்து மருமகள். மாதாமாதம் கொழும்பிலிருந்து பார்சல் வருகிறது, ஜாக்கெட் போகிறது. டீச்சர் குழுவின் கவுன்களைப் பிரித்து, கக்கத்தில் சதுரத் துண்டு வைத்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆனாலும் வளைவு வந்தால் எட்டுப் பேரும் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். டீச்சர் ஒருகையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையை மட்டும் தூக்குவார்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸில் என்றைக்கும் உட்கார இடம் கிடைப்பதில்லை. மேல்கம்பியைப் பிடிக்க நான் கையை உயர்த்தியதும், பின்னாலிருந்து என் கணவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி, ரொம்ப அக்கறையாகச் சொல்வார்:

"பாத்து. நீயே தச்சதா?"

நான் கையை இறக்கி, பக்கத்துச் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்.