அன்ரன் அண்ணையைத் திருப்பி அனுப்பிய ஆட்டம்

சின்ன வயதில் கிரிக்கெற் விளையாடிய ஆண்பிள்ளைகளுக்கு நோய் போல ஒரு வருத்தம் உண்டு. பந்தும் தடியும் உள்ள எந்த விளையாட்டைக் கண்டாலும், அதில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பார்கள். எனக்கு அந்த வருத்தம் நன்றாக முற்றியிருந்தது. மன்னாரில் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது அணியில் ஏழாவது ஆளாக இறங்கியவன் நான். (முதலாவது அணியில் ஒருத்தருக்கு அம்மை வந்தபோது ஒரு மட்ச் விளையாடினேன். பந்து என் பக்கம் வரவேயில்லை.) இந்தப் பெரிய அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் டென்மார்க்கில் ஒரு பேஸ்போல் அணியின் எறிகாரர்களையும் அடிகாரர்களையும் பருவம் தொடங்கிய கையோடு அலசித் தீர்ப்புச் சொன்னேன். அதனால் என்னுடைய கலியாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்கு விபோர்க்கில் ஒரு கதவுத் தொழிற்சாலையில் வேலை. சுகந்திக்கு ஓகூஸில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஹோர்சன்ஸில் தமையன் அன்ரன் அண்ணையின் வீட்டில் இருந்தாள். இரண்டு வருடமாக எங்களுக்குள் பழக்கம். இரண்டு பேரும் மன்னார், இரண்டு பேரும் வேதக்காரர், ஒரே கோயில். மறுக்கிறதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அன்ரன் அண்ணை ஓம் என்று சொல்லவில்லை.

"அப்பாவைக் கேக்காமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார். இல்லையென்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

அப்பாவை எங்கே கேட்பது? அவரும் அம்மாவும் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, பெயர்ந்து, வன்னியின் கடைசி மூலைக்குப் போயிருந்தார்கள். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. 2009 மே மாதம், சண்டை முடிந்துவிட்டது என்று எல்லாச் செய்தியும் சொன்னது. ஆர் இருக்கினம், ஆர் இல்லை என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அன்ரன் அண்ணை வேலையால் வந்து ரீவிக்கு முன்னால் இருந்தால் எழும்புவதில்லை. சாப்பாடும் அங்கேதான்.

அவருடைய மனைவி விமலா அக்கா கெட்டிக்காரி. தன் தொழிற்சாலை நண்பர்களோடு அன்ரன் அண்ணை முந்தின வருடம் பேஸ்போல் விளையாடத் தொடங்கியிருந்தார். புதுப் பருவத்துக்கும் போகச் சொல்லி அவரை வீட்டைவிட்டுக் கலைத்தாள். பிறகு எனக்குப் போன் அடித்தாள்.

"யூட், சனிக்கிழமை மைதானத்துக்கு வாரும். வீட்டை வந்தால் மனுசன் முகம் குடுக்காது. வெளியில எண்டால் நாலு வார்த்தை கதைக்கும். விளையாட்டைப் பற்றி ஏதாவது நல்லதாச் சொல்லும்."

நல்லதாகச் சொல்லும் என்றாள். அது என் காதில் விழுந்ததாக ஞாபகம் இல்லை.

மே மாதமென்று பேர்தான். ஜக்கெற்றைக் கழற்ற முடியாத காற்று. புல்வெளியின் ஓரத்தில் மரவாங்கில் சுகந்தியும் விமலா அக்காவும் போர்வைக்குள் இருந்தார்கள். அன்று இரண்டு ஆட்டம், அடுத்தடுத்து. நட்பு ஆட்டம்தான். முதல் ஆட்டத்தில் அன்ரன் அண்ணை எறிகிறார். நான் பத்து நிமிடம் பார்த்தேன். அவ்வளவு போதும் எனக்கு.

"எறியிற ஆக்கள் சரியில்லை" என்று தொடங்கினேன். "ஒரு பந்தாவது நிலத்தில குத்துதோ பாருங்கோ. எல்லாம் ஃபுல் டொஸ். எங்கட ஊரில இப்பிடிப் போட்டால் அடுத்த மட்ச்சுக்கு எடுக்கமாட்டினம். முழங்கையும் மடியுது. எல்லாம் நோ போல்."

"இது அப்பிடித்தான் எறியிறது" என்றாள் சுகந்தி.

"அடிக்கிற ஆக்களுக்குக் காலே நகரேல்லை. தடியை நேரா இறக்கேல்லை. எல்லாரும் விறகு கொத்துற மாதிரிக் குறுக்கால வீசீனம். அந்தத் தாடிக்காரர் நாலு பந்துக்குச் சும்மா நிண்டவர். ஒண்டையும் தொடேல்லை. அதுக்கு நடந்துபோய் பேஸ் எண்டு போட்டிருக்கிற வெள்ளைப் பையில நிக்கச் சொல்லிக் கை தட்டீனம். சோம்பேறிக்குப் பரிசோ?"

"யூட், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அண்ணைக்குக் கேக்கும்."

அதற்குள் ஒருவர் பந்தை அடித்துவிட்டு, கையிலிருந்த தடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெற் தடியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். ஓடிப்போய் அதை எடுத்து, கண்ணில் ஒற்றி, பக்குவமாக வேலியில் சாத்திவைத்தேன். எதிரணிக்காரர் ஒருத்தர் தொப்பியைக் கழற்றி எனக்கு மரியாதை செய்தார். அவர் பகிடி பண்ணுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நானும் தலையாட்டினேன்.

முதல் ஆட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது ஹென்றிக் என்ற பயிற்சியாளர் வந்தார். நான் கையை ஆட்டி ஆட்டி என்ன விளங்கப்படுத்துகிறேன் என்று அன்ரன் அண்ணையிடம் கேட்டார். அன்ரன் அண்ணை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் டெனிஷில் மொழிபெயர்த்தார். ஃபுல் டொஸ், முழங்கை, விறகு, சோம்பேறி எல்லாம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவருக்குத் தொடக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறது.

ஹென்றிக் கோபப்படவில்லை. டெனிஷ்காரர் லேசில் கோபப்படுவதில்லை. "நல்லது. எங்களுக்கு ஒராள் குறையுது. நீ அடி" என்றார்.

மறுத்திருக்கலாம். விமலா அக்கா போர்வைக்குள்ளிருந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நான் சப்பாத்துக் கயிற்றை இறுக்கினேன்.

இரண்டாவது ஆட்டத்தில் முதல் தரம் இறங்கியபோது அடி நல்ல அடி. பந்து உயர எழும்பி, ஆளில்லாத இடத்தில் விழுந்தது. எல்லாரும் "லோப்! லோப்!" என்று கத்தினார்கள். ஓடு என்று அர்த்தம். ஓடினேன். தடியை விடவில்லை. தடியில்லாமல் எப்படி ஓடுவது? முதலாவது பேஸில் நின்ற நெடிய மனிதர் தடியைக் கண்டு துள்ளி விலகினார். நான் குனிந்து, நீட்டி, தடியால் பேஸைத் தொட்டேன். அழகாகத் தொட்டேன். பிறகு, பந்து இன்னும் தூரத்தில் கிடக்கிறதே, இரண்டாவது ஓட்டமும் இருக்கிறதே என்று, அப்படியே திரும்பி வந்த வழியே ஓடிவந்தேன்.

 எதிரணிக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு ஆறுதலாக, ஒரு அவசரமுமில்லாமல் நடந்துவந்து என் முதுகில் தொட்டார். நடுவர் என்னைப் பார்த்தார், ஹென்றிக்கைப் பார்த்தார், பிறகு அவுட் என்று கையைக் காட்டினார். பாவம், அந்த மனுசனுக்கும் முதல் அனுபவம்.

அன்ரன் அண்ணை பக்கத்தில் வந்தார். "தம்பி, திரும்பி வாறேல்லை. முன்னுக்குத்தான் போகவேணும். தடியைப் போட்டிட்டு ஓடும்."

"ஓம் அண்ணை."

அன்று அவர் நேரே என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். இனி உயிர்போனாலும் பிழைவிடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கடைசிக் கட்டம் வந்தது. ஒரு ஓட்டம் எடுத்தால் சமன்; இன்னும் இரண்டு பேர் அவுட் ஆனால் ஆட்டம் சரி. அன்ரன் அண்ணை மூன்றாவது பேஸில் நிற்கிறார். அங்கிருந்து ஓடி நான் நிற்கும் இடத்துக்கு வந்தால் அந்த ஓட்டம் கிடைக்கும். என் முறை. சுகந்தி போர்வையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பந்து வேகமாக, நேராக வந்தது. வீசி அடிக்கத்தான் நினைத்தேன். கை கேட்கவில்லை. இடது கால் முன்னுக்குப் போனது, முழங்கை உயர்ந்தது, தடி நேராக இறங்கியது. இரண்டாவது அணியில் எனக்குச் சொல்லித்தந்த ஒரேயொரு தடுப்பாட்டம். பந்து செத்து, என் காலடியில் விழுந்தது. பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர் அதைக் காணாமல் தன் முதுகுப் பக்கம் தேடினார்.

நிமிர்ந்து பார்க்கிறேன், அன்ரன் அண்ணை ஓடிவருகிறார். பாதிக்கு மேல் வந்துவிட்டார்.

பந்து காலடியில் கிடக்கும்போது ஓடுகிறதா? உள்ளங்கையை நீட்டி, இருந்த குரல் முழுவதையும் எடுத்து, "நோ! திரும்புங்கோ அண்ணை! திரும்புங்கோ!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார்.

ஒரு வருடம் பேஸ்போல் விளையாடியவர் அவர். ஆனால் அதற்கு முன் இருபது வருடம் கிரிக்கெற் விளையாடியவர். எதிரில் நிற்கிறவன் நோ, திரும்புங்கோ என்று தமிழில் கத்தினால் அந்தக் கால் நிற்கத்தான் செய்யும். ஹென்றிக் தொப்பியை நிலத்தில் அடித்தார். பந்து பிடிக்கிறவர் ஒருவழியாகப் பந்தைக் கண்டெடுத்து மூன்றாவது பேஸுக்கு எறிந்தார்; அன்ரன் அண்ணை அவுட். அங்கிருந்து முதலாவது பேஸுக்கு எறிந்தார்கள், நானும் அவுட். நான் அதுவரைக்கும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். ஆட்டம் முடிந்தது.

அன்ரன் அண்ணை கையுறையைக் கழற்றினார். பையைத் தூக்கிக்கொண்டு காரடிக்கு நடந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம். சுகந்தி என் பக்கம் பார்க்கவேயில்லை. இரண்டு வருடத்தை இரண்டு பந்தில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். 

கார்க் கதவில் கை வைத்தவருக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தார். அவருடைய முகத்தைப் பார்த்த விமலா அக்கா போனைப் பறித்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்ரன், அப்பா கதைக்கிறன். அம்மாவும் நானும் முகாமில இருக்கிறம். சுகமா இருக்கிறம். ஆரோ ஒரு பிள்ளையின்ர போன், கனநேரம் கதைக்கேலாது."

சுகந்தி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அன்ரன் அண்ணை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 

"எங்கை நிக்கிறாய்? என்ன செய்யிறாய்?"

"விளையாட்டில நிண்டனான் அப்பா." சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். அவர்கள் அப்படிக் கிடக்க, தான் விளையாடினேனே என்று அழுதார்.

"அதுக்கேன் அழுகிறாய்? வெண்டனியோ?"

"இல்லை. என்னை அவுட் ஆக்கிப்போட்டார்."

"ஆர்?"

"சுகந்தியைக் கேட்டு வந்த பொடியன். நான் ஓடிவாறன், நோ எண்டு கத்திப்போட்டார்."

எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறாரோ என்று தெரியாத மனுசனுக்கு என்னைப்பற்றிப் போன முதல் செய்தி அது.

"பந்து எங்கை கிடந்தது?"

"அவரின்ர காலடியில."

 மனுசன் கோபமாகவே கேட்டார்: "அப்ப நோ தானே! பந்து காலடியில கிடக்க நீ ஏன் ஓடினனி? சின்னனில இருந்து உனக்கு இந்த அவசரம். பொடியன் சொன்னதுதான் சரி."

"அப்பா, இது வேற விளையாட்டு…"

"எந்த விளையாட்டெண்டாலும்! பொடியன் நல்ல பொடியன் போல கிடக்கு. நான் ஓம் எண்டு சொன்னதெண்டு சொல்லு. இந்தா, அம்மா சிரிக்கிறா…"

உண்மையாகவே பின்னால் ஒரு பெண் சிரித்தது கேட்டது. லைன் போய்விட்டது.

அடுத்த கோடையில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. மாமாவும் மாமியும் வந்துசேர இன்னும் சில வருடம் எடுத்தது. வந்த முதல் ஞாயிறே, சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலை நானாகவும் கரண்டியை அன்ரன் அண்ணையாகவும் வைத்து வழக்குத் தொடங்கியது. இன்றைக்கும் முடியவில்லை. "ஓட்டம் இருந்தது" என்பார் அன்ரன் அண்ணை. "இல்லை" என்பார் மாமா. மேசையில் ஆராவது எழும்பிக் கறிச்சட்டிப் பக்கம் போனால் பிள்ளைகள் "நோ! திரும்புங்கோ அண்ணை!" என்று கத்துவார்கள். அவர்களுக்கு ஒழுங்காக வருகிற தமிழ் வசனங்களில் அதுவும் ஒன்று.

போன கிழமை மகள் என்னைத் தனியாகப் பிடித்து டெனிஷில் கேட்டாள், உண்மையைச் சொல்லுங்கோ அப்பா, ஓட்டம் இருந்ததா இல்லையா என்று. எனக்கு இப்போது பேஸ்போல் தெரியும். பந்து பிடிக்கிறவர் தன் முதுகுப் பக்கம் தேடிக்கொண்டு நின்றதும் தெரியும். ஓடவே தேவையில்லை, அன்ரன் அண்ணை நடந்தே வந்திருக்கலாம்.

"தாத்தா சொன்னதுதான் சரி" என்றேன்.