எதிர்க்கட்சிக்கு விற்ற சரவெடி

முதலாளி தப்பு செய்தால் அதற்குப் பெயர் கொள்கை. அதையே மேனேஜர் செய்தால் மெமோ. இதை எம்.பி.ஏ.வில் யாரும் சொல்லித் தரவில்லை. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், இருபத்து மூன்று வயதில், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு கற்றேன்.

எங்கள் வீட்டில் அதுவரை எல்லாரும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள். மேஜை, நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன் என்று வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். மார்க்கெட்டிங் மேனேஜர்! (அந்த டிபார்ட்மெண்டில் என்னை விட்டால் ஒரு கால்குலேட்டர்தான் இருந்தது.) அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வேலை போனால் அவளால் வெளியே தலைகாட்ட முடியாது.

முதலாளி அண்ணாச்சி தங்கமானவர். கட்சி என்றால் மட்டும் கண்மண் தெரியாது. அவர் கட்சிக் கொடி ரோஸ், எதிர்க்கட்சிக் கொடி பச்சை. அதனால் எங்களிடம் பச்சைக் கம்பி மத்தாப்பு கிடையாது. வடநாட்டு வியாபாரிகள் போனில் கெஞ்சுவார்கள். "நம்ம கம்பெனில பச்சை எரியக் கூடாதும்மா" என்பார் அண்ணாச்சி.

சட்டசபைத் தேர்தல் வந்தது. தீபாவளி ஆர்டரை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, வெற்றி ஊர்வலத்துக்காகப் பத்தாயிரம் வாலா சரவெடி மட்டுமே செய்வது என்று முடிவெடுத்தார். வெடிக்கு வெளியே வழக்கமான சிவப்புத் தாள். உள்ளே சுருட்டுவது ரோஸ் தாள், அதில் தலைவரின் சிரித்த முகம். வெடித்தால் தெருவெல்லாம் தலைவர் பூவாகச் சிதற வேண்டுமாம். இது விபரீதம் என்று சொல்லத்தான் அவர் அறைக்குள் போனேன், சத்தியமாக.

"வாம்மா. படிச்ச பிள்ளை நீ சொல்லு, நம்ம கட்சி ஜெயிச்சிருமா?"

"தனி மெஜாரிட்டி அண்ணாச்சி" என்றது என் வாய்.

"பாத்தீகளா, எம்.பி.ஏ.வே சொல்லுது!" என்று கணக்கப்பிள்ளையிடம் பூரித்தார். மறுநாள் இன்னொரு லோடு ரோஸ் தாள் வந்து இறங்கியது.

கட்சி மண்ணைக் கவ்வியது. அண்ணாச்சி செல்போனை அணைத்துவிட்டு இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டார். குடோன் நிறைய சரவெடி. தனி மெஜாரிட்டி என்று சொன்ன ஆளுக்குத்தான் முதலில் சீட்டு கிழியும்.

அந்த நேரம் பார்த்து பச்சைக் கட்சி நகரச் செயலாளரின் ஆள் வந்தார். ஊர்வலத்துக்கு உடனே சரவெடி வேண்டுமாம். என் மூளை வேலை செய்தது (செய்திருக்கக் கூடாது). பெட்டிகளின் மேல் பச்சை லேபிள் ஒட்டச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் பாதி குடோன் வண்டியேறியது. வெடிக்குள் இருந்த தாள் என் நினைவுக்கே வரவில்லை.

சாயங்காலம் நான் விற்ற சரக்கை வேடிக்கை பார்க்கப் பெருமையாகப் பஜாருக்குப் போனேன். ஒரு வெடிகூடப் பிசகாமல் வெடித்தது (எங்கள் தரம் அப்படி). புகை விலகியதும் பஜார் முழுக்க ரோஸ். ஜெயித்த வேட்பாளரின் தலையில், மாலையில், தோள் துண்டில் எல்லாம் தோற்ற தலைவரின் காது, மீசை, பாதிச் சிரிப்பு. பேண்டு வாத்தியம் நின்றுபோனது.

"எந்தக் கம்பெனி சரக்குலே இது?" என்று நகரச் செயலாளர் போட்ட சத்தத்தில் நான் ஒரு வளையல் கடைக்குள் புகுந்துகொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சி கூப்பிட்டார். ராஜினாமா கடிதத்தோடு போனேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தாலே அழுகை வந்தது.

"அவுகளுக்கா வித்த?"

"ஆமா அண்ணாச்சி."

"அவுக கையாலயே நம்ம தலைவருக்குப் பூமாரி பொழிய வச்சிட்டியேம்மா!" அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தைப் படிக்காமலே கிழித்தார். "இனிமே இதான் நம்ம கொள்கை. வெளிய யாரு கலரு வேணும்னாலும் இருக்கட்டும், உள்ள நாம இருக்கணும்." பச்சை மத்தாப்புக்கு அன்றுதான் அனுமதி கிடைத்தது.

அந்தச் சீசனில் பச்சைக் கட்சிக்காரர் ஒருவரும் எங்கள் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. மிச்ச சரவெடியை அண்ணாச்சி என் கல்யாணத்துக்குச் சீராக அனுப்பினார். மாப்பிள்ளை அழைப்பில் கொளுத்தினார்கள். ஆல்பத்தில் என் கணவர் பட்டு வேட்டியில் நிற்கிறார், நெற்றியில் ஒரு மீசை ஒட்டியிருக்கிறது. பரம்பரையாகப் பச்சைக் கட்சிக் குடும்பம் அவருடையது. ஆல்பத்தைப் பிரிக்கிற விருந்தாளிகளிடம் எல்லாம் இன்றைக்கும் சொல்கிறார்:

"எங்க கல்யாணத்துக்கு அந்தத் தலைவரும் வந்தாருங்க. துண்டு துண்டா."