மூன்றாவது தட்டில் குத்து

"மூணாவது தட்டுல குத்தும்மா, மூணாவது தட்டுல!" வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார் அப்பா ராஜரத்தினம்.

"அவ்வளவு தெரிஞ்சா நீங்களே வந்து குத்தலாம்ல?" குதிரையின் தோளோரம் நின்ற கோகிலா பல்லைக் கடித்தாள். பதினைந்து வயது. கையில் ஊசி.

"ஊசியைப் பாத்தா எனக்குத் தலை சுத்தும்னு தெரியாதா?"

அந்தத் தலைசுற்றல் போன வாரமே வந்து தொலைத்திருக்கக் கூடாதா! சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஜப்பான்காரன் லாரி மலாயாவில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் நின்ற அன்று, இந்த மனிதர் வரிசையிலிருந்து கையைத் தூக்கி, "நான் டிரஸ்ஸர், துவான்! ஊசி போடுவேன்!" என்றார். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி ஊசி போடும் டிரஸ்ஸருக்குப் பின்னால் ஊசித் தட்டு ஏந்திப் போனவர், அவ்வளவுதான். அதிகாரி அவரை இழுத்துப் போய்த் தன் குதிரையின் முன்னால் நிறுத்தினான். நாளுக்கு நாள் இளைக்கிறதாம். தினம் ஒரு ஊசி, பத்து நாள்.

"குதிரை தேறினா லிஸ்ட்லேருந்து என் பேரை அடிச்சிடுவாங்க. தேறலைன்னா லாரிதான்," என்றார் அப்பா. சயாமுக்குப் போன ஒருவரும் இதுவரை திரும்பவில்லை.

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சிப்பாய் மொரிதா, கொதிக்கவைத்த ஊசியையும் மருந்துப் பாட்டிலையும் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோகிலா குதிரையின் கழுத்தில் முஷ்டியால் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றில் ஊசி இறங்கிவிட்டது. குதிரைக்குத் தெரியவே இல்லை.

"பாத்தியா? அப்பா சொன்னா சரியா இருக்கும்."

மறுநாள் முதல் தட்டிலேயே குதிரை உதைத்தது. லாயத்துப் பலகை ஒன்று பறந்து வாழைமரத்தின் மேல் விழுந்தது.

"தட்டினா குத்துவேன்னு கத்துக்கிடுச்சுப்பா!"

"கண்ணைக் கட்டு. என் கைலியைப் போடு."

கட்டினாள். ஊசி இறங்கியது. மூன்றாம் நாள், கைலியைக் கண்டதும் குதிரை முன்னங்காலைத் தூக்கி நின்றது. அப்பாவின் இடுப்பில் இருந்தாலும் கைலி கைலிதானே! சாலையில் சைக்கிளில் போன மலாய்க்காரர் ஒருவர் அது கனைத்த கனைப்பில் சாக்கடைக்குள் இறங்கிவிட்டார்.

"அப்பா, முதல்ல நீங்க கட்டியிருக்கறதைக் கழற்றுங்க."

"என்னடி பேசுற? மானம் போயிடும்!"

"மானம் பெரிசா, சயாம் பெரிசா?"

அன்று முதல் ராஜரத்தினம் வாழையிலை கட்டிக்கொண்டு ஆலோசனை சொன்னார்.

"தின்னும்போது போடு. வாய் வேலை செஞ்சா கழுத்துல புத்தி போகாது."

மரவள்ளித் தழையை நீட்டி, மெல்லும்போது குத்தினாள். இரண்டு நாள் பலித்தது. அப்புறம் தழையைக் கண்டாலே குதிரை பின்வாங்கியது. புல்லுக்கு மாறினாள்; புல்லும் ஆகாமல் போயிற்று. ஒருநாள் தேங்காய்ப் பிண்ணாக்கு. மறுநாள் அதுவும் போச்சு.

"இன்னும் என்னதாம்பா மிச்சம்?"

"வேற ஏதாச்சும் தீனி..."

"வேண்டாம்! நீங்க வாயைத் திறக்கறப்பல்லாம் குதிரை ஒரு தீனியை விட்டுடுது!"

மீதி நாட்களில் எப்படிக் குத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் ஊசி ஒருநாளும் தப்பவில்லை. கரைந்ததெல்லாம் குதிரையின் சதைதான். விலா எலும்பை எண்ணிவிடலாம். தேற்றச் சொன்னால் பட்டினி போட்டுக் கொல்கிறோமே, அப்பாவை நானே லாரியில் ஏற்றுகிறேனே என்று நினைத்துக்கொண்டே ஊசியை எடுத்தாள்.

பத்தாம் நாள் அதிகாரி வந்தான். குதிரையைச் சுற்றி வந்தான். சேணத்தைத் தூக்கி வைத்ததும் அதன் முதுகு வளைந்தது. ஏதோ கத்திவிட்டு, வாழையிலையோடு விறைத்து நின்ற ராஜரத்தினத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ராஜரத்தினம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுதும்மா..."

கோகிலா மொரிதாவிடம் ஓடினாள். சந்தையில் பேசும் அரைகுறை மலாயில் திக்கித் திக்கிக் கேட்டாள். "என்ன சொன்னார்?"

"தேறுற வரைக்கும் ஊசி போடணும். டிரஸ்ஸர் எங்கேயும் போகக்கூடாது."

"பத்து நாள் போட்டும் தேறலையே! உங்க மருந்து சரியில்ல. வேற நல்ல மருந்தா கொண்டாங்க, துவான். கும்பிடறேன். எங்கப்பாவைக் காப்பாத்துங்க!"

மொரிதா சுற்றுமுற்றும் பார்த்தான். பாட்டிலில் மிச்சமிருந்த மருந்தை அண்ணாந்து வாயில் ஊற்றி விழுங்கினான். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"உப்புத் தண்ணி. குதிரை தேறினா அதோட நான் பர்மாச் சண்டைக்கு, ஊசி வேலை முடிஞ்ச உங்கப்பா சயாமுக்கு. பேசாம நாளைக்கும் வந்து போடு."